சகலனின் சத்தமில்லாத கார்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் எங்கள் வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், யாராவது உள்ளே வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு அமைதி. எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கட்டிய பிறகு அவர் முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை, நான் முன்னறைக் கதிரையில் பத்திரிகையோடு இருந்தேன். என் மகள் செருப்பும் போடாமல் வெளியே ஓடியதை வைத்துத்தான் வந்தது யாரென்று ஊகித்தேன். என் கார் வரும்போது அவள் ஓடியதில்லை. ஓட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அந்த நாட்களில் என் கார் கண்டி வீதிச் சந்தியில் திரும்பும்போதே அதன் ஊளை வீட்டுக்குக் கேட்கும்.

"அப்பா, வந்து கேளுங்கோவன். சித்தப்பாவின்ர கார் ஓடுதோ நிக்குதோ எண்டே தெரியேல்லை."

போனேன். என் சகலன் ஸ்டியரிங்கில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு சிரித்தார். தான் வேலை செய்யும் வங்கியில் கடன் கேட்டு வருகிறவர்களைப் பார்த்து இப்படித்தான் சிரிப்பார் போலும்.

"அண்ணை, பொனட்டிலை கையை வைச்சுப் பாருங்கோ. ஏதும் அதிருதோ?"

வைத்தேன். அதிரவில்லை. என் மனைவி, என் மகள், மைத்துனி மூவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குள் அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார். அது நின்ற அந்தக் கணத்தில், எஞ்சினின் ஒரு பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஈரத்துணியால் சுவரில் தட்டியதைப் போல ஒரு 'தப்'. வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"பெல்ட் தளர்ந்திருக்கு," என்றேன்.

"பாத்தியளே," என்று மைத்துனி என் மனைவியிடம் திரும்பினாள். "நான் வரேக்கையே சொன்னனான். அத்தான் ஏதாவது கண்டுபிடிப்பார் எண்டு."

என் உத்தியோகமே அதுதான். அரசாங்க வாகனங்கள் ஏன் நின்றுபோயின என்று பரிசோதித்து அறிக்கை எழுதுவது. கண்டி மாவட்டத்தில் ஓடிக் களைத்த ஜீப்புகளும் லொறிகளும் என் கைப்பட்டுத்தான் மோட்சம் போயின. ஆனால் திணைக்களத்தில் என் அபிப்பிராயத்துக்கு இருந்த மதிப்பு வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை.

வாசிப்பவர்களுக்காக ஒரு பந்தி. எஞ்சினின் அடியில் சுழலும் தண்டு சக்கரத்தை ஓட்டுகிறது. மேலே இன்னொரு தண்டு, காற்றும் எரிபொருளும் போய்வரும் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பிசகாமல் சுழல வேண்டும். பழைய கார்களில் இரண்டையும் இரும்புச் சங்கிலி இணைத்தது. பிறகு வந்த ஜப்பான் கார்களில் சங்கிலிக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பட்டி வந்தது; அதுதான் டைமிங் பெல்ட். அதை இறுக்கிப் பிடிக்க டென்ஷனர் என்று ஒரு சிறிய உருளையும் ஒரு சுருள்வில்லும் உண்டு. அதிகம் இறுகினால் பெல்ட் ஊளையிடும். தளர்ந்தால் ஊளை இல்லை, முனகல் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருநாள் ஒரு பல் தாண்டி உட்காரும். அத்தோடு கார் நிற்கும். ஆகவே சத்தம் போடும் காரைவிடச் சத்தம் போடாத காருக்குத்தான் பயப்பட வேண்டும். இதை நான் எங்கள் வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்கி முடிவதற்குள் யாராவது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அவர்மேல் எனக்கிருந்த உணர்ச்சிக்குப் பொறாமை என்பதைவிட மரியாதையான பெயர் ஒன்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு.

எண்பத்து மூன்றாம் ஆண்டு தமிழர்மேல் பாய்ந்த ஆடிக் கலவரத்தில் என் பழைய கார் எரிந்தது, அவருடையது எரியவில்லை. நகரின் பக்கம் புகை தெரியத் தொடங்கியபோது, காரைத் திணைக்கள வளவுக்குள் விடுவதற்கு நான் முறைப்படி அனுமதி கேட்டேன். தனியார் வாகனம் அரச வளவில் நிற்க மேலதிகாரியின் எழுத்துமூல அனுமதி வேண்டும். எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சுற்றுநிருபத்தின் வாசகம் என்னுடையது. அனுமதி வரத்தான் செய்தது. வந்தபோது என் வாசலில் ஒரு கரிக்கூடு நின்றது. சகலனோ மதிலுக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டுச் சிங்களவரிடம், "ஐயே, மேக்க பொட்டக் தியாகன்ன," என்றார். அண்ணா, இதைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் விண்ணப்பம். அந்த மனிதர் தன் கராஜைத் திறந்து காரை உள்ளே விட்டு, மேலே சாக்கு போட்டு மூடினார். காரை மட்டுமல்ல, சகலன் வீட்டுக்கு ஓடிப்போயிருந்த என் குடும்பத்தையும் சேர்த்துத்தான் அவர் தன் பின்னறையில் ஒளித்து வைத்தார். அதைக் கேட்டு வாங்கியவரும் சகலன்தான். ஆக, உயிரோடு இருப்பதற்கும் நான் அவருக்கே நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கடமையை நான் ஒருபோதும் சுலபமாகச் செய்ததில்லை.

எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைக்க வேண்டாம். அரச கரும மொழிப் பரீட்சையில் விசேட சித்தி. ஆனால் நான் பேசினால் அரச வர்த்தமானியை வாசிப்பதுபோல இருக்குமாம். சகலனின் சிங்களம் சந்தையிலும் கிரிக்கெட் மைதானத்திலும் பொறுக்கியது. அவர் வாயைத் திறந்தாலே எதிரிலிருப்பவர் சிரிக்கத் தொடங்கிவிடுவார். சிரித்தவர் பிறகு எப்படி மறுப்பார்?

யுத்தம் வடக்கே மூண்டு வருடக்கணக்காக ஓடத் தொடங்கிய காலத்தில், நாங்கள் இருவரும் ஒரே மாதிரிப் பழைய ஜப்பான் கார் வாங்கினோம். நான் முதலில் வாங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். இரண்டு எஞ்சின்களும் ஒரே காலத்தில் எண்ணெய் குடிக்கத் தொடங்கின. என்னுடையது ஓடிய தூரத்தால். அவருடையது, எண்ணெய் மாற்ற வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராததால். இரண்டையும் மஹய்யாவவில் ஒரே கராஜில் விட்டோம். அதை நடத்தியவர் வத்தேகமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்து நகரில் நிலைத்தவர். எங்கள் ஊரில் மெக்கானிக்கைப் 'பாஸ்' என்றுதான் அழைப்பார்கள். இந்தப் பாஸுக்குத் தன் கைவேலையில் எள்ளளவும் சந்தேகம் கிடையாது. எதைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "கவலைய விடுங்க சார், வண்டி பறக்கும்."

நான் பட்டறையில் காரின் கைநூலோடு பக்கத்தில் நின்றேன். சகலன் உதிரிப்பாகம் வந்த ஒரு பக்கீஸ் மரப்பெட்டியில் உட்கார்ந்து, எல்லோருக்கும் ரோல்ஸும் பிளேன்டீயும் வரவழைத்து, கிரிக்கெட் பேசினார். பெல்ட் போடும் நேரம் வந்தது.

"பாஸ், நல்லாய் இறுக்கும். தளர விடக்கூடாது," என்றேன்.

"எவ்வளவு சார் இறுக்கணும்?"

"நீளப் பக்கத்திலை, நடுவிலை ரெண்டு விரலாலை பிடிச்சு முறுக்கிப் பார்க்க வேணும். கால் வட்டம் திரும்ப வேணும். அதுக்கு மேலை திரும்பக்கூடாது."

"சார் பள்ளிக்கூடத்துல படிப்பிக்கிறீங்களா?"

பட்டறை முழுதும் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமான சிரிப்பு பக்கீஸ் பெட்டியிலிருந்து. அந்தக் கடுப்பில் பாஸ் என் பெல்ட்டை வீணைத் தந்திபோல இறுக்கினார். சகலனின் பெல்ட்டை ரோல்ஸ் தின்ற கையோடு போட்டார். ஒரு கார் ஊளையிட்டதும் மற்றது மௌனம் காத்ததும் இப்படித்தான்.

என் காரை நானே பார்த்தேன். காலையில் குளிர்ந்த எஞ்சின் ஓரளவு அடக்கமாக இருந்தது. சூடேற ஏற ஊளை கூடியது. எஞ்சினின் மேற்பாதியான ஹெட் அலுமினியம், சூட்டில் விரியும். விரியும்போது பெல்ட் மேலும் இறுகும். ஆகவே குளிரிலேயே தேவைக்கு மேல் இறுக்கியிருக்கிறது. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் மூடியைக் கழற்றினேன். டென்ஷனரைத் தளர்த்தி, வில் தானாகத் தள்ளும் அளவுக்கு விட்டுப் பூட்டினேன். எஞ்சினைக் கையால் அது ஓடும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, மேலும் கீழும் உள்ள அடையாளக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். பொருந்தின. விரலால் முறுக்கினேன். கால் வட்டம். ஊளை போய்விட்டது.

யாரும் கவனிக்கவில்லை. ஊளையிட்ட நாட்களில் தினமும் குறை சொன்ன வீடு, அது நின்ற பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. மனைவியிடம் நானே கேட்டேன், காரில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று. "கழுவினனீங்களோ?" என்றாள்.

என் மகளின் விஷயம் இனித்தான் வருகிறது.

அவளுக்குக் கனடாவிலிருக்கும் ஒருவருடன் பதிவுத் திருமணம் நடந்திருந்தது. அவர் அங்கே, அவள் இங்கே, நடுவே தூதரகம். விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்கு வரும்படி அழைப்பு வந்தது. ஒரு திங்கட்கிழமை, மதியத்துக்குப் பின். தவறவிட்டால் அடுத்த அழைப்பு எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. முதல்நாளே போய்த் தங்குவதென்றால் தமிழர் தங்கும் விடுதியில் பொலிஸ் பதிவு, இரவில் தேடுதல். விடிந்ததும் புறப்பட்டு அன்றே திரும்புவதுதான் நல்லது. கண்டியிலிருந்து கொழும்புவரை எத்தனை இடத்தில் இராணுவம் மறிக்குமோ.

நான் லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். வந்தால் ஏற்பாடு முடிந்திருந்தது.

"சித்தப்பா கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவர், அப்பா."

"ஏன், எனக்குக் காரில்லையோ?"

"பிரச்சினை கார் இல்லை." அவள் கொஞ்சம் தயங்கினாள். "போனமுறை மறிச்ச இடத்திலை அந்த ஆமிக்காரனிட்டை என்ன கேட்டனீங்கள்? எந்தச் சட்டத்திலை எந்தப் பிரிவின்கீழ் சூட்கேசைத் திறக்கிறாய் எண்டு கேட்டனீங்கள்."

"கேட்டதிலை என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை. அவன் சூட்கேசைத் திறந்தான், சீற்றைக் கழட்டினான், ஸ்டெப்னியிலை காத்தைத் திறந்து விட்டான். சித்தப்பா எண்டால் சிரிச்சுக் கதைச்சுக் கொண்டு போயிடுவார். அப்பா, எனக்கு இது போனால் போச்சு."

அவள் சொன்னது சரி. அவருடைய காரில் போகக்கூடாது என்று நான் நினைத்ததும் சரி. அந்தப் பெல்ட் எனக்குக் கேட்டது.

சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அது ஏற்றத்தில் கட்டிய வீடு. கண்டியில் ஏற்றத்தில் வீடுள்ள எவரும் படலையடியில் ஒரு கல் வைத்திருப்பார்கள், நிறுத்திய காரின் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. நான் ஒருபடி மேல்; பலாமரக் கட்டையில் ஆப்பு வெட்டி எங்கு போனாலும் சீற்றுக்குக் கீழே கொண்டுபோவேன். சகலன் வீட்டுக் கல்லை மைத்துனி எப்போதோ அகற்றிவிட்டு, அந்த இடத்தில் அந்தூரியம் சாடிகளை வரிசையாக வைத்திருந்தாள். கார் மேல்நோக்கி மூக்கை நீட்டி, முதலாம் கியரில் நின்றது. ஹேண்ட்பிரேக் பெயருக்குத்தான்.

"கல்லெங்கே?"

"கியரிலை விட்டிருக்கு அண்ணை. கல்லு, கட்டை எல்லாம் லொறிக் கிளீனர்மாருக்கு," என்றார் சகலன்.

"ஏற்றத்திலை கியரிலை நிக்கிற கார் பின்னாலை அசைஞ்சால் எஞ்சின் தலைகீழாய்ச் சுத்தும். பெல்ட் சரியாய் இறுகியிருந்தால் தாங்கும். தளர்ந்த பெல்ட் பல்லுத் தாண்டும். நாலு ஆணிதான், மூடியைக் கழட்டி ஒருக்கால் பார்க்க விடும்."

"பாஸ் கட்டிக் குடுத்ததிலை கை வைக்க வேண்டாம் அண்ணை. ஓடுற காரை ஏன் நோண்டுறியள்?"

மைத்துனி தேத்தண்ணீரோடு வந்தாள். "அத்தான், பிள்ளை எங்கட காரிலை வாறன் எண்டு சொன்னது உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குத்தான். அதுக்கு ஏன் காரிலை குறை சொல்லுறியள்?"

நான் தேத்தண்ணீரைக் குடித்தேன். பொறாமைப்படுகிறவன் சொல்லும் நோய்க்குறியை யார் நம்புவார்? நானே நம்பமாட்டேன்.

அங்கிருந்து நேரே மஹய்யாவ கராஜுக்குப் போனேன்.

"பாஸ், அவரின்ர காரிலை டென்ஷனர் வில்லு புதுசோ பழசோ?"

"பழசு நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"ஹெட்டைக் கடைஞ்சனீரோ?"

"அது வளைஞ்சிருந்துச்சு. லேத்துல குடுத்து ஒரு சீவு சீவினோம்."

"சீவினால் உயரம் குறையும். பெல்ட் அந்தளவுக்கு நீண்டுபோகும். பழைய வில்லு அதை இழுத்துப் பிடிக்குமோ?"

பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த சார் ஒரு குறையும் சொல்லல. சந்தோஷமா ஓட்டிக்கிட்டுப் போறாரு. உங்களுக்கு ஏன் சார் அவரு வண்டியப் பத்தி இவ்வளவு வேதனை?"

மூன்றாவது ஆளும் அதையே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் சகலன் வந்தார், சத்தமில்லாமல். மகள் சேலை உடுத்து, கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினாள். அவர்கள் வளைவில் மறைந்ததும் நானும் என் காரில் பொருட்களை ஏற்றத் தொடங்கினேன்.

"எங்கை வெளிக்கிடுறியள்?" என்றாள் மனைவி.

"பிலிமத்தலாவைக்கு. குத்துவிளக்கு ஒண்டு பார்க்க வேணும்."

"விளக்குப் பார்க்க ஏன் ஸ்பானர்ப் பெட்டி?"

பெட்டியின் மேல் ஒரு சாக்கை இழுத்துப் போட்டேன். அவள் வீட்டுக்குள் போய் ஒரு போத்தல் தண்ணீரும் நாலைந்து இடியப்பமும் கட்டிக்கொண்டு வந்து பின்சீற்றில் வைத்தாள்.

பேராதனை தாண்டி அவர்களைக் கண்டேன். நடுவே ஒரு பஸ்ஸை விட்டுப் பின்னால் போனேன். பார்ப்பவர்களுக்கு நான் ஒரு துப்பறிகிறவன்போல இருந்திருப்பேன். அவர் ஏற்றங்களில் காரை வருத்தாமல் நிதானமாக ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன ஆக வேண்டும் என்று நான் விரும்பினேன் என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் இரண்டு பதில் சொல்லியிருப்பேன். அவள் நேரத்துக்குப் போய்ச்சேர வேண்டும். அந்தப் பெல்ட் பல்லுத் தாண்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக நடக்க முடியாது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

கடுகண்ணாவைக்கு முன்னால், வீதி மேலேறும் ஓரிடத்தில் மறித்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்தி எல்லோரும் இறங்க வேண்டும். சகலன் இறங்கினார். வழக்கம்போல முதலாம் கியர். மகளும் இறங்கினாள். பஸ்ஸைப் பக்கத்தால் அனுப்பிவிட்டார்கள். இப்போது எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு சிப்பாய் பின்பெட்டியைத் திறந்து உள்ளே சாய்ந்து துழாவினான். அவனுடைய பாரத்தில் கார் ஒரு சாண் பின்னால் அசைந்து, எஞ்சின் பிடித்து நின்றது. மூடியை அறைந்து சாத்தினான். இன்னொரு சாண்.

'தாண்டியிருக்கும்' என்று நினைத்தேன்.

"யன்ன," என்றான் சிப்பாய். போகலாம். சகலன் ஏறிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றது, இருமியது, காபரேட்டர் வழியாக ஒருமுறை துப்பியது, உடம்பெல்லாம் நடுங்கி அணைந்தது. மீண்டும் திருப்பினார். மீண்டும் அதே.

நான் சொன்னது சரியாகிவிட்டது. ஒரு கணம் என் நெஞ்சு அப்படியே நிரம்பியது. அடுத்த கணம் வீதியோரம் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தேன்.

மறித்த இடத்துக்கு நடுவே தமிழர் ஓட்டி வந்த ஒரு கார் திடீரென்று நகர மறுப்பது அந்த வருடங்களில் சிரிக்கும் விஷயமல்ல. சிப்பாய்கள் பின்வாங்கினார்கள். ஒருவன் துவக்கை உயர்த்தினான். சகலன் இரண்டு கைகளையும் தூக்கியபடி இறங்கினார். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. ஸ்பானர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தேன். பாதி வழியில் யாரோ ஒருவன் கத்தினான், பெட்டியை வைக்கும்படி. அத்தனை துவக்குகளும் என் பக்கம் திரும்பின. நான் என் பரீட்சைச் சிங்களத்தில், இப்பெட்டியில் உள்ளவை வாகனத் திருத்தத்துக்கான உபகரணங்களாகும் என்று விளக்கத் தொடங்கினேன்.

"ஏ அபே பாஸ், மாத்தயா!" என்று சகலன் குறுக்கே கூவினார். ஐயா, அது எங்கள் மெக்கானிக். "கார் ஹதன்ன ஆவே. ஹரி தக்ஷ பாஸ் கெனெக்!" கார் திருத்த வந்தவர், மிகவும் கெட்டிக்காரர். பிறகு என்னைப் பற்றி இன்னும் ஏதோ சொன்னார். பிடிவாதக்காரன் என்பது மட்டும் விளங்கியது. சார்ஜன்ட் சிரித்துவிட்டார். துவக்குகள் தாழ்ந்தன.

இருபத்தாறு வருட அரச சேவை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. மறுத்துப் பேசவும் முடியாது; மெக்கானிக் இல்லையென்றால் நான் யார்?

அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன், அவருக்கும் பயம் வரும் என்பதை. "அண்ணை, பெல்ட்தானோ?"

"பெல்ட்தான்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"மூடியைக் கழட்டி, கோடுகளைப் பொருத்தி, திருப்பிக் கட்ட... பிள்ளைக்கு நேரம் காணாது."

"அப்ப நீங்கள் பிள்ளையை உங்கட காரிலை கூட்டிக்கொண்டு போங்கோ."

நான் மகளைப் பார்த்தேன். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததற்காக அவளை இன்றைக்கும் மதிக்கிறேன். கொழும்புவரை இன்னும் எத்தனை இடத்தில் மறிப்பார்கள்? ஒருமுறை துவக்குகளை என் பக்கம் திருப்பியாயிற்று; என் சிங்களம் அவற்றைத் தாழ்த்தவில்லை. நின்றுபோன காரையும் ஆளில்லாமல் அங்கே விட முடியாது. மெக்கானிக் காரோடு நிற்பதுதான் முறை. எல்லா நடைமுறையும் தெரிந்தவனுக்கு இது தெரியாதா?

என் சாவியை அவர் கையில் வைத்தேன். "நீர் கொண்டு போம்."

"அப்பா..." என்றாள் அவள்.

"எனக்கு இஞ்சை வேலை இருக்கு. பின்சீற்றிலை இடியப்பம் இருக்கு, சாப்பிடு." அவரிடம் சொன்னேன்: "சீற்றுக்குக் கீழை கட்டை இருக்கு. எங்கை நிப்பாட்டினாலும் வையும்."

அவர் என் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். பிறகு கண்ணாடியை இறக்கினார். "அண்ணை! இதுவும் சத்தமில்லை! எப்ப திருத்தினனீங்கள்?"

இருவரும் போனார்கள். போகும்போது அவள் திரும்பிப் பார்த்தாள், வளைவுவரை.

சிப்பாய்கள் சகலனின் காரைத் தள்ளி, ஒரு தேநீர்க் கடைக்குப் பக்கத்தில் சமதரையில் விட்டார்கள். மூடியைக் கழற்றினேன். பெல்ட்டை இரண்டு விரலால் முறுக்கினேன். கால் வட்டம் அல்ல, அரை வட்டம் தாண்டி, ரிபன்போலப் புரண்டது. கீழ்ச் சக்கரத்தின் கோட்டைப் பொருத்தி மேலே பார்த்தேன். மேல்கோடு ஒரு பல் தள்ளி நின்றது. கூட்டமாக நின்ற சிப்பாய்களைத் தவிர அதைக் காட்ட ஆளில்லை. காட்டினேன். ஒருவன் தலையாட்டினான், மரியாதைக்கு.

நல்லவேளையாக அந்த ரக எஞ்சினில் பெல்ட் பிசகினாலும் வால்வு வளையாது. மேல்சக்கரத்தை ஒரு பல் திருப்பி வைத்தேன். செத்த வில்லை நம்பாமல், ஸ்பானரின் கைப்பிடியால் டென்ஷனரை நெம்பிப் பிடித்துப் பூட்டினேன். கையால் இரண்டு சுற்று. கோடுகள் பொருந்தின. முறுக்கினேன்; கால் வட்டம். சாவியைத் திருப்பியதும் ஒரே பிடியில் எடுத்தது. நிறுத்தினேன். 'தப்' இல்லை.

"பாஸ் உன்னெஹே, தே பொனவத?" தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டபடி ஒரு சிப்பாய் கோப்பையோடு நின்றான். போகும்போது அந்த மாத்தயா சொல்லிவிட்டுப் போனாராம், எங்கள் பாஸுக்குத் தேநீர் கொடுங்கள், குடிக்காவிட்டால் கோபம் வரும் என்று. குடித்தேன். சீனி கூடுதலாக இருந்தது. குடித்து முடியும்போது சார்ஜன்ட் தன் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பாஸ் கெட்டிக்காரர் என்று சொன்னார்களே, இதையும் ஒருக்கால் பார்க்கலாமே. பார்த்தேன். பிளக் கரி பிடித்திருந்தது.

காரை ஓட்டிக்கொண்டு சகலன் வீட்டுக்குப் போனேன். மைத்துனி படலைக்கு ஓடிவந்தாள். "ஐயோ, எங்கட காரெல்லோ! பிள்ளை எங்கை?"

"கொழும்பிலை. பயப்படாதை." ஏற்றத்தில் நிறுத்தி இறங்கிக் கல்லைத் தேடினேன். இல்லை. அந்தூரியம் சாடிகளில் கனமானதை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அண்டை வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை.

அன்று மாலை அவர்கள் திரும்பி வந்தார்கள். நேர்முகம் நல்லபடி முடிந்திருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். ஓரிடத்தில் சித்தப்பா பாடிக் காட்டினாராம். இன்னோரிடத்தில் சிப்பாய் ஒருவனுக்கு வங்கிக் கணக்குத் திறக்கும் விதம் சொல்லிக் கொடுத்தாராம். தூதரக வாசலில் வரிசையில் நின்ற எல்லோரையும் சிநேகம் பிடித்தாராம். சகலன் பலாக்கட்டையை என்னிடம் நீட்டினார். "நிப்பாட்டின இடமெல்லாம் வைச்சனான், அண்ணை." நான் அதை அவரிடமே விட்டேன். அவருக்கு அது தேவை.

சில மாதங்களில் அவள் போய்விட்டாள். குடும்பத்தில் இந்தக் கதையைச் சொல்வதென்றால் 'சித்தப்பா அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போன நாள்' என்றுதான் சொல்வார்கள். கலியாண வீடுகளில் அவரே சொல்வார், துவக்கு, பாஸ், தேநீர் எல்லாம் சேர்த்து. நன்றாகச் சொல்வார். நானே சிரித்திருக்கிறேன்.

நான் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு, போன மாரியில், அவள் அங்கிருந்து அழைத்தாள். அவள் வாங்கியிருக்கும் பழைய காருக்கு டைமிங் பெல்ட் மாற்றினார்களாம். மாற்றிய நாளிலிருந்து ஏதோ சந்தேகமாக இருக்கிறதாம். "சித்தப்பாவிட்டைக் கேட்டனான், அப்பா. அதை அப்பாவிட்டைக் கேள், வேறை ஒருத்தரும் வேண்டாம் எண்டவர்."

அந்த அழைப்பும் அவர் அனுப்பி வைத்ததுதான்.

"போனைப் பொனட்டுக்குக் கிட்டப் பிடி," என்றேன். "எஞ்சினை எடுத்துப்போட்டு நிப்பாட்டு."

பனிக்காற்றின் இரைச்சலுக்கு நடுவே எஞ்சின் ஓடியது, நின்றது. 'தப்' இல்லை, ஊளை இல்லை. நல்ல வேலை, அங்குள்ள பாஸ் கைநூலைப் படித்தவன்.

"கேட்டதோ அப்பா? எப்பிடி?"

"சரியாய்க் கேக்கேல்லை," என்றேன். "இன்னொருக்கால் எடுத்து நிப்பாட்டு பாப்பம்."